அரசின் கருத்தில்

பரோல் என்பது பிரெஞ்சுச் சொல். அதற்கு அர்த்தமே 'சொல்' என்பதுதான். போரில் பிடிபட்டவன், இனி உங்கள் மேல் ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே போவான். பிடித்தவன் அதை நம்பி விடுவான். இரு தரப்புக்கும் பொதுவான ஒரு கௌரவ உணர்ச்சி இருந்ததால் அது சாத்தியமாயிற்று. நம் சர்க்கார் பாஷையில் இதற்கு 'விடுப்பு' என்று பெயர். சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று இரண்டு வகை. வங்கி குமாஸ்தாவான எனக்கு இந்தப் பெயர்கள் அன்றாடம் பழகியவை. திண்டுக்கல் பஸ் நிலையத்தில் 'லீவுல வந்திருக்கான்' என்று யாராவது சொல்வது காதில் விழுந்தால், பட்டாளத்திலிருந்து வந்திருக்கிறானா, மதுரை ஜெயிலிலிருந்து வந்திருக்கிறானா என்பது அடுத்த வாக்கியம் வரும்வரை தெரியாது.

விடுப்பு பாதியில் ரத்தாகும்போதுதான் இரண்டும் வேறு வேறு என்பது விளங்குகிறது. என் விடுப்பை ரத்து செய்தால் நான் காரணம் கேட்கலாம், விளக்கம் எழுதிக் கொடுக்கலாம், யூனியனிடம் போகலாம். கைதியின் விடுப்போ தண்டனைக் குறைப்போ ரத்தானால், முதலில் கைது நடக்கும். கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகு, உள்ளே இருந்துகொண்டு கேட்க வேண்டியவை. அந்தக் கேள்விகளை நீதிமன்றம் எப்போதிலிருந்து காது கொடுத்துக் கேட்கத் தொடங்கியது, கேட்டபின் என்ன சொல்லியிருக்கிறது என்பதைப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 401ஆம் பிரிவு, தண்டனையை நிறுத்திவைக்கவும் குறைக்கவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 1973இல் புதுச் சட்டம் வந்தபோது அது 432ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 473ஆம் பிரிவாக இருக்கிறது. எண்கள் மாறினவே தவிர வாசகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அந்த வாசகத்தின் சாரம் இது: நிபந்தனை நிறைவேறவில்லை என்பது அரசின் கருத்தானால், அரசு சலுகையை ரத்து செய்யலாம், எந்தப் போலீஸ் அதிகாரியும் வாரன்ட் இல்லாமல் அந்த ஆளைக் கைது செய்யலாம், மிச்சத் தண்டனையை அவன் அனுபவிக்க வேண்டும்.

வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பா, 'எழுத்து' பத்திரிகையின் வழியாக, ஒரு பிரதியைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை நமக்கு ஏற்படுத்தப் பாடுபட்டார். அலசல் என்று அதற்குப் பெயர். கவிதைக்கும் கதைக்கும் மட்டுமே அது உரியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தச் சட்ட வாக்கியத்தை அந்த முறையில் படித்தால், அதன் பாரம் முழுவதையும் தாங்குவது 'அரசின் கருத்தில்' என்ற பிரயோகம் என்று தெரியும். நிபந்தனை மீறப்பட்டிருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை. மீறப்பட்டதாக ஒரு தரப்பு கருதினால் போதும். அந்தத் தரப்புதான் நிபந்தனையை எழுதியது, கண்காணித்தது, கைது செய்யப் போவது. அதே பிரிவில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறது. நிபந்தனை என்பது கைதி நிறைவேற்ற வேண்டியதாக இருக்கலாம். அல்லது அவனுடைய விருப்பத்துக்குச் சம்பந்தமே இல்லாததாகவும் இருக்கலாம். அவன் கையில் இல்லாத ஒன்று நடவாமல் போனாலும் அவன் சுதந்திரம் போய்விடலாம் என்பதைச் சட்டம் வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு நகர்கிறது.

இது ஏதோ தூரத்துச் சமாசாரம் என்று எங்கள் பகுதியில் யாரும் சொல்ல முடியாது. நிபந்தனையோடு வெளியே இருப்பது என்பதை இந்தச் சமவெளி, தண்டனை எதுவும் பெறாத மனிதர்கள் விஷயத்திலேயே பார்த்திருக்கிறது. 1896 வாக்கில் திண்டுக்கல் தாலுகாக் கிராமங்களில் குடியானவர்கள் ஊர் ஊராகக் கூடி, 'பண்டு' என்று பொது நிதி சேர்த்து, கள்ளர் காவல்முறைக்கு எதிராகக் கிளம்பினார்கள். காவல் கூலி கட்டாயமாக வசூலிக்கப்பட்டதில் மூண்ட கோபம் அது. காவல்காரக் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்து விரட்டப்பட்டன. இரு பக்கத்திலும் ஏழைகள்தான் அடிபட்டார்கள். சர்க்கார் இந்தச் சண்டையிலிருந்து தனக்கு வேண்டிய பாடத்தை எடுத்துக்கொண்டது.

1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர்கள் அதன் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். ஜனங்கள் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். பத்து விரல் ரேகையையும் பதிய வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் போனால் சொல்லிவிட்டு, ராதாரிச் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். சீட்டு இல்லாமல் வேறு இடத்தில் அகப்பட்டால் வாரன்ட் இல்லாமல் கைது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் போலீஸ் சுட்டதில், பெண் ஒருவர் உட்படப் பலர் செத்தார்கள். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த ஜனங்கள் பக்கம் நின்று வாதாடினார். ரோசாப்பூ துரை என்று அவரை அவர்கள் அழைத்ததில் அந்த நன்றி இருக்கிறது.

ஆனால் ஒரு வக்கீல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதையும் சட்டமே தீர்மானித்து வைத்திருந்தது. ஒரு ஜனக்கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்தது சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்ற தடை அதிலேயே எழுதப்பட்டிருந்தது. தனித்தனி ஆளுக்காக வாதாடலாம். அடிப்படையைத் தொட முடியாது. அரசின் கருத்து என்பது முழு உருவத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. சென்னை மாகாணத்தில் 1947இலும் தேசம் முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களின் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் பெயரளவில் அதை நினைவுபடுத்திக்கொண்டு வந்தன. நினைவுபடுத்திக்கொள்ள வேண்டிய இன்னொன்று, நீதிமன்றத்தின் வாசல் சட்டத்தாலேயே அடைக்கப்பட்டிருந்தது என்பது. ரத்தை எதிர்த்து வழக்குப் போடுவது என்ற இன்றைய காரியத்தின் சரித்திரம், அந்த வாசல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்த சரித்திரம்.

அதில் முக்கியமான ஒரு கட்டம் அமெரிக்காவில் நடந்தது. அயோவா மாநிலத்தில் மாரிஸி என்பவர் பொய்க் காசோலை எழுதிய குற்றத்துக்காக 1967இல் தண்டனை பெற்றார். 1968 ஜூனில் பரோலில் வந்தார். ஏழு மாதம் கழித்து மறுபடி பிடித்து உள்ளே போட்டார்கள். வேறு பெயரில் கார் வாங்கினார், அனுமதி இல்லாமல் ஓட்டினார், ஒரு சிறு விபத்துக்குப் பின் போலீஸிடம் முகவரியைப் பொய்யாகச் சொன்னார், பொய்ப் பெயரில் கடன் வாங்கினார், இருப்பிடத்தை அதிகாரியிடம் தெரிவிக்கவில்லை என்பவை காரணங்கள். அதிகாரியின் அறிக்கை ஒன்றை வைத்துக்கொண்டு பரோல் வாரியம் ரத்து செய்தது. அவரை உட்கார வைத்து யாரும் விசாரிக்கவில்லை. காசோலைகளோடு நாள் முழுவதும் காலம் தள்ளுகிற எனக்கு, மாரிஸி மேல் தனி அனுதாபம் எதுவும் இல்லை. வழக்கின் பெருமையே அங்கேதான் இருக்கிறது. அனுதாபத்துக்கு இடமில்லாத ஒரு மனிதரைக் கொண்டு ஒரு நியாயம் நிலைநாட்டப்பட்டது.

1972 ஜூன் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பரோல் என்பது உரிமையா, தயவா என்ற பழைய விவகாரத்தில் சிக்கிக்கொள்ளத் தேவையில்லை என்றார் தலைமை நீதிபதி பர்கர். வெளியே வந்தவன் வேலைக்குப் போகிறான், குடும்பத்தோடு இருக்கிறான். அது நிபந்தனைக்குட்பட்ட சுதந்திரமானாலும் சுதந்திரம்தான். அதைப் பிடுங்குவது பெரிய நஷ்டம். ஆகவே முறையாகத்தான் பிடுங்க வேண்டும். என்ன மீறல் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். சாட்சியத்தைக் காட்ட வேண்டும். அவன் நேரில் பேசவும் தன் சாட்சிகளைக் கொண்டுவரவும் இடம் கொடுக்க வேண்டும். எதிர்ச் சாட்சிகளைக் கேள்வி கேட்க, தக்க காரணம் இல்லாமல் தடுக்கக் கூடாது. தீர்ப்பவர் நடுநிலையானவராக இருக்க வேண்டும். முடிவுக்கான காரணத்தை எழுதித் தர வேண்டும். ஆறு தேவைகள். அடுத்த வருஷம் இன்னொரு வழக்கில், சில சந்தர்ப்பங்களில் வக்கீலும் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சேர்த்தார்கள். மாரிஸியை விடுதலை செய்யச் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். வழக்கு கீழே திருப்பி அனுப்பப்பட்டது. மீறலை அவர் வாரியத்திடம் ஒப்புக்கொண்டிருந்தார் என்று ஏற்பட்டு, ரத்துக்கு அது போதுமான காரணமாகவும் இருந்தால், விஷயம் அதோடு முடிந்துவிடும் என்று தீர்ப்பே சொன்னது. முறை மட்டும்தான் கிடைத்தது. ஆனால் முறை இல்லாத இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

நம் நாட்டில் இந்த எண்ணம் வேறு பாதையில் வந்தது. 1950இல், சென்னை அரசுக்கு எதிராக ஏ.கே. கோபாலன் சிறையிலிருந்து தொடுத்த வழக்கில், சட்டம் வகுத்த நடைமுறை எதுவோ அது போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்காது என்ற போக்கில் முடிவாயிற்று. 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில் இது மாறியது: நடைமுறை நியாயமானதாகவும் தன்னிச்சையற்றதாகவும் இருக்க வேண்டும். அதே வருஷம் சுனில் பத்ரா வழக்கில், சிறைக்குள் போவதால் ஒருவன் அடிப்படை உரிமைகளையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிடுவதில்லை என்று சொல்லப்பட்டது. தமிழ்நாட்டில் 1982இல் தண்டனை நிறுத்தி வைப்பு விதிகள் வந்தன. சாதாரண விடுப்பும் அவசர விடுப்பும் அந்த விதிகளில் உள்ளவை.

விதிகள் காகிதத்தில் ஒன்று. வேடசந்தூரிலோ நத்தத்திலோ ஒரு குடும்பத்துக்கு அவை வந்து சேரும் விதம் வேறு. விடுப்புக் கேட்டால் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையும் போலீஸின் அபிப்பிராயமும் வர வேண்டும். ஊரில் அமைதி கெடும் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். வெளியே வந்தபின் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. ரத்தாகி உள்ளே போனவன் அதை எதிர்க்க வேண்டுமானால், அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதற்கான வக்காலத்தில் அவன் இடும் கையெழுத்தையோ ரேகையையோ சான்றொப்பமிட வேண்டியவர் சிறை அதிகாரி. அதாவது யாருடைய காவலை எதிர்க்கிறானோ அவர் மேஜையிலிருந்துதான் வழக்கே புறப்படுகிறது. 2004 ஜூலை 24ஆம் தேதி மதுரைக் கிளை திறக்கப்படும்வரை, அந்தக் காகிதத்துக்குப் பின்னால் தாயோ மனைவியோ 400 கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்குப் போய்வர வேண்டியிருந்தது. இப்போது மதுரை, ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். சட்ட சரித்திரம் எழுதுகிறவர்கள் தீர்ப்புகளைக் கணக்கிலெடுக்கிற அளவுக்குப் பஸ் கட்டணத்தைக் கணக்கிலெடுப்பதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெளியே இருந்த நாட்கள் தண்டனையில் சேருமா? தடுப்புக் காவலில் இருப்பவர் விஷயத்தில், தற்காலிகமாக வெளியே விடப்பட்ட நாட்கள், விதியோ உத்தரவோ வேறு விதமாகச் சொல்லாத பட்சத்தில், காவல் காலத்தில் சேரும் என்று 2000இல் சுனில் ஃபுல்சந்த் ஷா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சட்ட அமர்வு முடிவு செய்தது. தண்டனைக் கைதியின் முன்கூட்டிய விடுதலைக்கு, பரோல் நாட்களை அனுபவித்த தண்டனையாகச் சேர்க்கக் கூடாது என்று 2023 ஜனவரியில் கோவா வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டுக்கும் சட்டக் காரணங்கள் உண்டு. ஆனால் ரத்தாகி உள்ளே போகிறவன் நிலையில் நின்று பாருங்கள். ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, ஊரைத் தாண்டாமல் அவன் கழித்த நாட்கள் தண்டனையிலும் சேரவில்லை, சுதந்திரத்திலும் சேரவில்லை. எந்தப் பேரேட்டிலும் ஏறாத பற்று அது.

நிபந்தனைகளின் மொழிக்கு வருகிறேன். 2019 ஜூலையில் நளினி சென்னை உயர் நீதிமன்றத்தில் தானே ஆஜராகி, மகள் கல்யாணத்துக்காக விடுப்புக் கேட்டு வாதாடினார். ஆறு மாதம் கேட்டார். ஒரு மாதம் கிடைத்தது. பத்திரிகைகளுக்குப் பேட்டி தரக் கூடாது, அரசியல்வாதிகளைச் சந்திக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். 'சொல்' என்று அர்த்தம் தரும் பெயருள்ள ஒரு விடுப்பு, பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிபந்தனையில் புரியாதது எதுவும் இல்லை. மீறினோமா இல்லையா என்பது இரு தரப்புக்கும் ஒன்றுபோல் தெரியும்.

நிபந்தனைகளே வேண்டாம் என்று யாராவது சொன்னால், அவர்களை மேலவளவுக்கு அழைத்துப் போக வேண்டும். 1997 ஜூன் 30ஆம் தேதி ஊராட்சித் தலைவர் முருகேசனும் இன்னும் ஐந்து பேரும் அங்கே சாதி வெறியால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரைத் தமிழக அரசு 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலை செய்தது. அதை எதிர்த்து வந்த வழக்கில், அவர்கள் மேலவளவுக்குள் போகக் கூடாது என்று மதுரைக் கிளை நிபந்தனை விதித்தது. அந்த ஊரில் செத்தவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் தெருவில் நடப்பதற்கு அந்த நிபந்தனை அவசியம். 2022 ஆகஸ்ட் 15ஆம் தேதி குஜராத்தில் விடுதலையான 11 பேரை, பில்கிஸ் பானு வழக்கில் 2024 ஜனவரி 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் திரும்பச் சிறைக்கு அனுப்பியதும் இந்த வகை. தயவு என்ற பெயரில் அரசு தன் இஷ்டத்துக்குக் கொடுப்பதும் அக்கிரமமாக இருக்கலாம். இஷ்டத்துக்குப் பிடுங்குவதை எதிர்க்கிறவர்கள் அதையும் எதிர்க்க வேண்டும். இரண்டுக்கும் வேர் 'அரசின் கருத்தில்' என்ற இடத்திலேயே இருக்கிறது.

அதே 2024இல், அக்டோபர் 21ஆம் தேதி, அதே குஜராத் மாநிலத்திலிருந்து வந்த இன்னொரு வழக்கில்தான் இந்தச் சரித்திரத்தின் முக்கியமான ஒரு வரி எழுதப்பட்டது. மாஃபாபாய் மோதிபாய் சாகர் எதிர் குஜராத் அரசு. ஆயுள் கைதி ஒருவருக்கு அரசு தண்டனைக் குறைப்புக் கொடுத்து, விடுதலைக்குப் பின் இரண்டு வருஷம் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டது. வேறொரு நிபந்தனை, புலன்கொள் குற்றம் ஏதும் செய்தால் மறுபடி கைதாகி மிச்சத் தண்டனையை அனுபவிக்க வேண்டும் என்றது. ரத்தாகும்வரை காத்திராமல் அவர் நிபந்தனைகளையே எதிர்த்து வந்தார்.

நீதிபதிகள் அபய் ஓகாவும் அகஸ்டின் ஜார்ஜ் மாசியும் முதல் நிபந்தனையை நீக்கினார்கள். 'ஒழுங்காக' என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை; ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும்; அப்படிப்பட்ட சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரம் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்துவிடலாம். இரண்டாவது நிபந்தனையைப் பற்றி, ஒரு வழக்குப் பதிவானதாலேயே ரத்து செய்துவிடக் கூடாது என்றார்கள். ரத்து செய்வதற்கு முன் காரணங்களைச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். பதில் சொல்லவும் கேட்கப்படவும் வாய்ப்புத் தர வேண்டும். சுருக்கமாகவாவது காரணம் எழுதி உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவை எதிர்த்து 226ஆம் பிரிவில் போகலாம். சின்ன மீறலையும் பெரிய மீறலையும் ஒன்றாக எடை போடக் கூடாது. மாரிஸி வழக்கின் ஆறில் பாதிக்கு மேல் இங்கே வந்து சேர 52 வருஷம் ஆகியிருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது முதல் பகுதி. நோட்டீஸும் விசாரணையும் நிபந்தனைக்கு வெளியே நிற்பவை. 'ஒழுங்காக' என்ற சொல்லை நீக்கியது நிபந்தனையின் மொழிக்குள்ளேயே கை வைத்த காரியம். மேலவளவுக்குள் போகாதே என்பதை மீறியவன் தான் மீறியதை அறிவான். சாட்சி கொண்டு நிரூபிக்கவும் முடியும். ஒழுங்காக இரு என்பதை மீறினோமா என்று அறிய, எழுதியவரின் மனசுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவன் வாக்குக் கொடுக்கவில்லை, தன்னைப் பற்றிய தீர்ப்பை வெற்றுத் தாளில் எழுதிக் கொடுக்கிறான். தேதியும் தொகையும் இடாத காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கவுன்டருக்கு வருகிறவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! விமரிசனம் என்று நாம் செய்துகொண்டிருப்பது, அர்த்தம் உறுதிப்படாத ஒரு சொல்லை அதன் சத்தத்துக்காக ஏற்றுக்கொள்ள மறுப்பது. ஒரு மனிதனின் மிச்ச ஆயுளை அந்தச் சொல் தீர்மானிக்கிற இடத்தில் நீதிமன்றம் அதைச் செய்தது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. 'அரசின் கருத்தில்' என்ற வாசகம் புதிய சட்டத்திலும் இருக்கிறது. வாரன்ட் இல்லாத கைதும் இருக்கிறது. கைதியின் விருப்பத்துக்குச் சம்பந்தமில்லாத நிபந்தனையும் இருக்கிறது. இனி அந்தக் கருத்துக்குக் காரணம் எழுதியாக வேண்டும். எழுதியதை இன்னொருவர் படிக்கலாம். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. ரேகை வைத்துவிட்டு, எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்ற சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்களின் ஊர்களிலிருந்து பார்க்கும்போது, அது ஒரு தூரம்தான். நோட்டீஸ் வந்தால் அதை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும், பதில் எழுத ஆள் வேண்டும், மதுரைக்குப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டும். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு தாய், தபாலில் வந்த சர்க்கார் காகிதம் எதையாவது கவுன்டரில் நீட்டி, இதுல என்ன போட்டிருக்கு தம்பி என்று கேட்பது இன்றும் நடக்கிறது. அப்போது அதைச் சொல் சொல்லாக நிறுத்தி வாசிப்பதுதான் செய்யக்கூடிய முதல் காரியம்.